அணுகுண்டுக்கு எதிராக இராஜாஜி சென்ற தூது

போர்களைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகள் மிகப் பல. மூளவிருந்த போர் மூளாமற்போன வரலாற்றை எழுதினோர் மிகச் சிலரே. நடந்த போருக்கு நடுகல் உண்டு, வெற்றித்தூண் உண்டு. நடவாமற்போன போருக்கு அவ்வகை அடையாளம் ஒன்றும் நிற்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவும் சோவியத் ருஷ்யாவும் உலகையே பலமுறை அழிக்கவல்ல கருவிகளைக் குவித்துக்கொண்டு எதிரெதிர் நின்றன. அக்கருவிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏவாமலே அந்த நெடும் பகை கழிந்தது. தலைவர்களின் அச்சமும், அறிவியலாரின் எச்சரிக்கையும், தாய்மாரின் கூக்குரலும், படைபலமில்லா நாடுகளின் இடையறாத வேண்டுகோளும் அதற்குக் காரணங்களாயின. அவ்வேண்டுகோள்களுள் ஒன்று, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ஒரு தமிழ் முதியவரால் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் முன்னிலையிலேயே எடுத்துரைக்கப்பட்டது. அவ்வரலாற்றை நம் சங்கத்தின் ஆண்டு மலரில் நினைவுகூர்வதற்குத் தனிக் காரணமும் உண்டு. அது பின்னர் விளங்கும்.

பண்டைத் தமிழ் மரபு

வலிமை மிக்க இருவரிடையே வலிமையில்லாத ஒருவர் புகுந்து அறிவுரை கூறுதல் தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. சோழர் குடியைச் சேர்ந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பகைத்து, நெடுங்கிள்ளியின் உறையூரை நலங்கிள்ளி முற்றுகையிட்டபோது, கோவூர் கிழார் என்னும் புலவர் இடைநின்று பேசினார். அவரிடம் யானையில்லை, தேரில்லை. இருவரும் சூடியிருப்பது ஒரே குடியின் மாலை என்பதையும், எவர் தோற்பினும் தோற்பது அக்குடியே என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையாரையும் நாம் அறிவோம். புலவரின் சொல்லுக்கு அரசர் செவிசாய்த்தனர். அச்சொல்லின் பின்னால் தன்னலமில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்ததே அதற்குக் காரணம்.

கோவூர் கிழார் கண்ட உண்மை, அணுகுண்டு தோன்றியபின் உலகம் முழுமைக்கும் பொருந்துவதாயிற்று. எவர் தோற்பினும் தோற்பது மனிதகுலமே என்னும் நிலை வந்துற்றது.

நச்சுச் சாம்பல்

1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவும், 9ஆம் நாள் நாகசாகியும் அழிந்தன. நான்கே ஆண்டுகளில், 1949 ஆகஸ்டு 29இல், சோவியத் ருஷ்யாவும் அணுகுண்டை வெடித்துக் காட்டியது. 1952இல் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டுச் சோதனையில் இறங்கிற்று. 1954 மார்ச்சு 1ஆம் நாள் பசிபிக் கடலில் உள்ள பிக்கினித் தீவில் அமெரிக்கர் வெடித்த குண்டின் ஆற்றல் 15 மெகாடன். ஹிரோஷிமாவை அழித்த குண்டைப்போல் அது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. கணக்கிட்டவர்கள் எதிர்பார்த்ததைக் காட்டிலும் இரண்டு மடங்குக்கும் மேற்பட்டது அவ்வெடிப்பு. தடைசெய்யப்பட்ட எல்லைக்கு அப்பால் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றின்மீது வெண்ணிறச் சாம்பல் மழைபோற் பொழிந்தது. அதிலிருந்த 23 பேரும் கதிரியக்க நோயுற்றனர். அவர்களுள் ஒருவர் அவ்வாண்டு செப்டம்பரில் உயிர் துறந்தார்.

போர் இல்லாத காலத்தில், எந்நாட்டோடும் பகையில்லாத மீனவர் ஒருவர் சோதனைக் குண்டினால் மாண்டார் என்னும் செய்தி ஆசிய மக்களின் நெஞ்சை உலுக்கியது. 1954 ஏப்ரல் 2ஆம் நாள் பிரதமர் நேரு மக்களவையில் எழுந்து, படைக்குறைப்பைப் பற்றிய பேச்சுகள் முடியும்வரை சோதனை வெடிப்புகளையேனும் நிறுத்திவைக்க வேண்டும் என்று வல்லரசுகளைக் கேட்டுக்கொண்டார். அணுகுண்டுச் சோதனையை நிறுத்துக என ஓர் அரசின் தலைவர் விடுத்த வேண்டுகோள்களுள் இதுவே முதன்மையானது எனலாம்.

அதே ஏப்ரல் திங்களில்தான் சென்னை மாநில முதலமைச்சர் பதவியிலிருந்து இராஜாஜி விலகினார். அப்போது அவருக்கு வயது 75. ஓய்வு கொள்ள வேண்டிய பருவத்தில் அவர் எடுத்துக்கொண்ட பணிகளுள் தலையாயது அணுகுண்டு எதிர்ப்பு. மேடைகளிற் பேசினார், இதழ்களில் எழுதினார், அமெரிக்க மக்களுக்கும் சோவியத் தலைவர்களுக்கும் கடிதங்கள் வரைந்தார்.

அவர் கேட்டது எது?

இராஜாஜி படையே வேண்டா என்று கூறிய துறவியல்லர். 1942இல் ஜப்பானியர் இந்திய எல்லையை நெருங்கியபோது நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டுக் காங்கிரசின் பெரும்பான்மையினரோடு மாறுபட்டு நின்றவர் அவர். 1948 செப்டம்பரில் ஹைதராபாத்துக்குள் இந்தியப் படை புகுந்தபோது நாட்டின் கவர்னர்-ஜெனரலாக வீற்றிருந்தவரும் அவரே. ஆகவே, அரசுக்குப் படை வேண்டும் என்பதை அவர் அறியாதவரல்லர். அணுகுண்டைப் பற்றிய அவர் கருத்து வேறு. போர்வீரனையும் தொட்டிற் குழந்தையையும், பகைநாட்டையும் பகையில்லா நாட்டையும் பிரித்தறியாமல் அழிப்பதைப் போர்க்கருவி என்றே கொள்ளலாகாது என்பது அவர் துணிபு.

மற்றொன்றும் அவர் கூறினார். இருவரும் ஒரே கணத்தில் கைவிடுவோம் என்று காத்திருந்தால் எவரும் எக்காலத்தும் கைவிடப்போவதில்லை. வலிமையுடையவன் எவனோ அவன் முதலடி எடுத்து வைக்கவேண்டும். இதனைப் பலர் நகைத்தனர். பகைவன் வாளை உருவி நிற்க, நான் மட்டும் உறையிலிடுவதா என்று கேட்டனர். அக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட இயலாதுதான். ஆயினும் குண்டுகளை முற்றும் துறப்பது ஒன்று, சோதனைகளை நிறுத்துவது மற்றொன்று. சோதனையை நிறுத்துவதால் ஒருவன் கையிலுள்ள குண்டு குறைவதில்லை. ஊரார் மூச்சிலே நஞ்சு கலப்பது மட்டும் குறையும். கேட்பதற்கு உரிமையும் கொடுப்பதற்கு இயல்பும் உள்ளது அது.

அறிவியலும் அவ்வேண்டுகோளுக்குத் துணைநின்றது. அணுகுண்டு வெடிக்கும்போது தோன்றும் பொருள்களுள் ஸ்ட்ரான்சியம்-90 என்பது ஒன்று. அது சுண்ணச்சத்தை ஒத்த இயல்புடையது. காற்றில் கலந்து, மழையோடு இறங்கி, புல்லில் ஏறி, பசுவின் பாலில் சுரந்து, பாலுண்ணும் குழந்தையின் எலும்பிலும் பல்லிலும் தங்கிவிடும். அதன் வீரியம் பாதியாகக் குறைவதற்கே 29 ஆண்டுகள் வேண்டும். அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் அறிவியலாரும் தாய்மாரும் சேர்ந்து குழந்தைகளின் விழுந்த பாற்பற்களை ஆயிரக்கணக்கிற் சேகரித்து ஆராயச் செய்தனர். சோதனைகள் பெருகப் பெருக அப்பற்களில் ஸ்ட்ரான்சியமும் பெருகியிருந்தது தெரியவந்தது. 1958 ஜனவரியில் லைனஸ் பாலிங் என்னும் வேதியியல் அறிஞர், சோதனைகளை நிறுத்தக் கோரி ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அறிவியலார் கையொப்பமிட்ட விண்ணப்பத்தை ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்தார். குண்டு எங்கே வெடித்தாலும் அதன் சாம்பல் குடியுரிமை கேட்காமல் எல்லா நாடுகளிலும் இறங்கியது. ஆகவே அதைக் கேள்வி கேட்கும் உரிமையும் எல்லா நாட்டாருக்கும் உண்டாயிற்று.

வெள்ளை மாளிகையில்

1958 நவம்பரிலிருந்து ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம் வல்லரசுகள் சோதனைகளை நிறுத்தி வைத்திருந்தன. 1961 செப்டம்பரில் சோவியத் ருஷ்யா மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டு அக்டோபர் 30இல் அது வெடித்த குண்டின் ஆற்றல் 50 மெகாடன். அதனினும் பெரிய வெடிப்பை மனிதன் இன்றளவும் நிகழ்த்தவில்லை. 1962 ஏப்ரலில் அமெரிக்காவும் வான்வெளிச் சோதனைகளை மீண்டும் தொடங்கிற்று.

இந்நிலையில் 1962 ஜூன் திங்களில் காந்தி சமாதான நிறுவனம் புதுதில்லியில் அணுப்படை எதிர்ப்பு மாநாடு ஒன்றைக் கூட்டியது. குடியரசுத் தலைவர் பதவியிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்த இராஜேந்திர பிரசாத்தும், இராஜாஜியும் அதிற் கலந்துகொண்டனர். அதன்பின் அமெரிக்காவுக்குத் தூது செல்லும் குழுவுக்கு இராஜாஜி தலைமை ஏற்றார். ஆர். ஆர். திவாகரும், பத்திரிகையாளரும் அரசியல் நிர்ணய சபை உறுப்பினராயிருந்தவருமான பி. சிவராவும் உடன் சென்றனர். உள்நாட்டு அரசியலில் இராஜாஜி அக்காலத்தில் சுதந்திராக் கட்சியின் தலைவர்; நேருவின் ஆட்சியைக் கடுமையாகக் கண்டித்து வந்தவர். எனினும் இவ்வொரு பொருளில் அவ்விருவரின் கருத்தும் ஒன்றாயிருந்தது.

இராஜாஜிக்கு அப்போது வயது 83. மேலைநாட்டு மண்ணை அதற்குமுன் மிதித்தறியாதவர், அதன்பின்னும் மிதித்தாரில்லை. 1962 செப்டம்பர் 28ஆம் நாள் வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் கென்னடியை அவர் சந்தித்தார். கென்னடிக்கு வயது 45. பேரன் வயதினரான அவரிடம் பாட்டன் வயதினரான இவர் பேசிய பேச்சு, ஒதுக்கிய நேரத்தைக் கடந்து நீண்டது. சோதனைகளை நிறுத்துக, பிறர் நிறுத்தட்டும் என்று காத்திராதீர் என்பதே தூதின் சாரம்.

அமெரிக்க அரசுக்கும் ஒரு தடை இருந்தது. வான்வெளியில் வெடிக்கும் குண்டைத் தொலைவிலிருந்தே கண்டறியலாம். நிலத்தடியில் வெடிப்பதையோ நிலநடுக்கத்திலிருந்து பிரித்தறிதல் அரிது. ஆகவே நேரிற் சென்று பார்வையிடும் உரிமை வேண்டும் என்றனர் அமெரிக்கர். அது வேவு பார்ப்பதற்கு வழியாகும் என்றனர் ருஷ்யர். ஜெனீவாவில் 18 நாடுகளின் குழு இவ்வழக்கில் சிக்கித் தவித்தது. இந்தியா உள்ளிட்ட எட்டு அணிசேரா நாடுகள் அங்கே இடைவழி தேடிக்கொண்டிருந்தன. நிலத்தடியை ஒதுக்கி, காற்றையும் கடலையும் விண்ணையுமேனும் காப்போம் என்னும் வரைவு ஒன்றை 1962 ஆகஸ்டு 27இல் அமெரிக்காவும் பிரிட்டனும் அங்கு முன்வைத்திருந்தன. இராஜாஜி கதவைத் தட்டியபோது அது முற்றும் மூடியிருக்கவில்லை என்பது இங்கே கருதத்தக்கது.

ஒரு திங்களில் நேர்ந்தவை

செப்டம்பர் 28க்குப் பின் பதினெட்டாம் நாள், அதாவது அக்டோபர் 16இல், கியூபாத் தீவில் சோவியத் ஏவுகணைகள் நிறுவப்படுவதைக் காட்டும் நிழற்படங்கள் கென்னடியின் மேசைக்கு வந்தன. அக்டோபர் 22இல் அவர் உலகறிய அதனை அறிவித்தார். 24இல் அமெரிக்கக் கடற்படை தீவைச் சூழ்ந்து நின்றது. இதனிடையே 20ஆம் நாள் சீனப் படைகள் நம் வடஎல்லையில் புகுந்தன. இந்தியர் அனைவரும் இமயத்தை நோக்கிக் கலங்கி நின்ற அதே கிழமையில் உலகம் அழிவின் விளிம்பில் நின்றது.

27ஆம் நாள் கியூபாவின்மேற் பறந்த அமெரிக்க வேவு விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதே நாளில் அமெரிக்கக் கப்பல்களால் நெருக்குண்ட சோவியத் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றில் அணுமுனை பொருத்திய ஏவுகுண்டு இருந்தது. அதனைச் செலுத்தும் எண்ணம் எழுந்தபோது அர்க்கிபோவ் என்னும் அதிகாரி இசையாது நின்றார். இச்செய்தி பல்லாண்டு கழித்தே வெளியாயிற்று. பர்மாவைச் சேர்ந்தவரும் ஐக்கிய நாடுகள் சபையின் தற்காலிகப் பொதுச் செயலாளருமான ஊ தாண்ட், இருதரப்பும் சில நாள் கைகளைக் கட்டிக்கொள்க என வேண்டிக் கடிதம் விடுத்தார். கப்பல்களைத் தடுத்து நிறுத்துவதற்கு மானக்குறைவில்லாத ஒரு வழியைச் சோவியத் தலைவர் குருச்சேவுக்கு அக்கடிதம் தந்தது. அக்டோபர் 28இல் ஏவுகணைகளைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவர் இசைந்தார். துருக்கியில் இருந்த அமெரிக்க ஏவுகணைகளை அகற்றுவதாகக் கென்னடி மறைவாக உறுதியளித்திருந்தார். இராஜாஜி வெள்ளை மாளிகையை விட்டு வெளிவந்து சரியாக ஒரு திங்கள் ஆகியிருந்தது.

பெற்ற பயன்

கலக்கத்தின் விளிம்பைக் கண்டு மீண்ட இருவரும் அடுத்த ஆண்டில் வழிதேடினர். 1963 ஜூன் 10இல் கென்னடி ஆற்றிய சொற்பொழிவில், பிற நாடுகள் தொடங்காதவரை அமெரிக்கா வான்வெளிச் சோதனை நடத்தாது என்று தாமாகவே அறிவித்தார். எதிரி கையொப்பமிடும்வரை காத்திராமல் முதலடி எடுத்து வைத்த செயல் அது. பத்து நாளில் வாஷிங்டனுக்கும் மாஸ்கோவுக்கும் இடையே நேரடிச் செய்தித் தொடர்பு அமைக்க உடன்பாடு ஏற்பட்டது. கியூபா நெருக்கடியின்போது ஒரு கடிதம் போய்ச்சேரப் பல மணி நேரம் பிடித்ததை அவர்கள் மறக்கவில்லை. ஆகஸ்டு 5இல் மாஸ்கோவில் சோதனைத் தடை உடன்படிக்கை கையொப்பமாயிற்று. ஆகஸ்டு 8இல் இந்தியாவும் கையொப்பமிட்டது. அக்டோபர் 10இல் அது நடைமுறைக்கு வந்தது.

இவை யாவும் இராஜாஜியின் தூதினால் விளைந்தன என்று கூறினால் அது வரலாறாகாது, புகழ்ச்சியாகும். கியூபாவில் அனுபவித்த அச்சமே முதற்காரணம். பாற்பற்களைத் திரட்டிய தாய்மாரும், கையொப்பமிட்ட அறிவியலாரும், ஜெனீவாவில் பொறுமையோடு வாதிட்ட எட்டு நாடுகளும் அடுத்த காரணங்கள். ஆனால் பல துளி சேர்ந்தே வெள்ளம் ஆகிறது. தமிழர் தூதும் அத்துளிகளுள் ஒன்று என்று சொல்வதில் மிகையில்லை.

உடன்படிக்கையின் குறையையும் மறைக்கலாகாது. நிலத்தடிச் சோதனைகள் தொடர்ந்தன. பிரான்சும் சீனாவும் சேரவில்லை. வான்வெளியில் பிரான்சு 1974 வரையிலும் சீனா 1980 வரையிலும் வெடித்தன. குண்டுகளின் தொகையோ 1986இல் உலகெங்கும் ஏறத்தாழ எழுபதாயிரம் வரை ஏறிற்று. எனினும் காற்றில் நஞ்சு குறைந்தது. பிறக்கும் குழந்தையின் எலும்பில் அச்சாம்பல் குறைந்தது. கேட்கப்பட்டது அது, கிடைத்ததும் அது.

நம் நகரமும் நாமும்

இனி நாம் வாழும் நகருக்கு வருவோம். இராஜாஜி வாஷிங்டன் சென்ற அதே 1962ஆம் ஆண்டில்தான் பாதுகாப்புத் துறையின் ஏவுகணை ஆய்வுக்கூடம் தில்லியிலிருந்து ஹைதராபாத்துக்கு வந்தது. 1971இல் அணு எரிபொருள் வளாகம் இங்கே நிறுவப்பட்டது. கல்பாக்கத்தில் எரியும் உலைக்கு வேண்டிய யுரேனியத் தண்டுகள் இந்நகரில் உருவாகின்றன. இவ்விடங்களில் உழைத்த தமிழர் பலர். அவர்களுள் தலைசிறந்தவர் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம். 1982 முதல் பத்தாண்டுக் காலம் அவர் இங்கிருந்து பணியாற்றினார். பிருத்வி 1988 பிப்ரவரியிலும், அக்னி 1989 மே 22ஆம் நாளிலும் விண்ணில் எழுந்தன. வலிமையை வலிமையே மதிக்கும் என்பது அவர் பலகாலும் வலியுறுத்திய கருத்து. அதே கலாம், ஏவுகணைக்கெனக் கண்ட எடைகுறைந்த கலவைப்பொருளைக் கொண்டு, போலியோவால் கால் மெலிந்த குழந்தைகளுக்கு இந்நகரின் நிஜாம் மருத்துவ நிலையத்தினரோடு சேர்ந்து இலேசான காற்பட்டைகள் செய்வித்தார்.

தொரப்பள்ளியார் சொன்னதும் இராமேசுவரத்தார் சொன்னதும் ஒன்றல்ல. ஒருவர் வலிமையுடையவனை அடங்குக என்றார். மற்றவர் அடங்குபவனுக்கும் வலிமை வேண்டும் என்றார். இவ்விரண்டையும் பகையெனக் கருத வேண்டுவதில்லை. இந்தியா 1974இலும் 1998இலும் பொக்ரானில் வெடித்தது. ஆயினும் 2003இல் வெளியிட்ட கொள்கையில், முதலில் அணுக்கருவியைப் பயன்படுத்தோம் என்று உறுதி கூறியது. கருவியைச் செய்யும் நாடு தன்னைத்தானே கட்டிக்கொள்ளும் கட்டு அது. அக்கட்டு அவிழாமற் காப்பது அரசின் பொறுப்பு மட்டுமன்று; கேள்வி கேட்கும் குடிமக்களின் பொறுப்புமாகும்.

மற்றொரு கட்டும் நம் நகரைச் சூழ்ந்துள்ளது. 1988 டிசம்பர் 31இல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒன்று மற்றதன் அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என உடன்படிக்கை செய்துகொண்டன. அணு உலைகளோடு எரிபொருள் செய்யும் ஆலைகளும் அதன் வரையறையுள் அடங்கும். 1992 முதல் ஆண்டுதோறும் ஜனவரி முதல் நாளன்று இரு நாடுகளும் தத்தம் நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. கார்கில் போருக்குப் பின்னும், தூதர்கள் திருப்பி அழைக்கப்பட்ட காலத்திலும் அவ்வழக்கம் நின்றதில்லை. புத்தாண்டு நாளில் வாழ்த்துக் கூறி மகிழும் நம்மில் எத்தனை பேர், நம் வீட்டுக்கு அருகிலுள்ள ஆலை போன்றவற்றைக் காக்கும் அவ்வோலை அன்று கைமாறுவதை எண்ணிப்பார்க்கிறோம்?

இன்று உலகில் ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் அணுமுனைகள் உள்ளன. 1986ஐ நோக்க இது குறைவே. ஆனால் குறைத்த கட்டுகள் ஒவ்வொன்றாக அறுபட்டு வருகின்றன. இடைத்தூர ஏவுகணைகளை ஒழித்த உடன்படிக்கை 2019இல் முடிவுற்றது. நெடுந்தூரக் கருவிகளுக்கு வரம்பிட்ட உடன்படிக்கையில் தன் பங்கை ருஷ்யா 2023இல் நிறுத்திவைத்தது. ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்பிழைத்தோரின் சங்கத்துக்கு 2024இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. நேரிற் கண்டோர் மறைந்துவருகின்றனர் என்னும் கவலையும் அப்பரிசில் அடங்கியிருந்தது.

எண்பத்துமூன்று வயதில், தமக்கென ஒன்றும் வேண்டாமல், கேட்பதை அளவறிந்து கேட்க ஒருவர் கடல் கடந்தார். அவரைப் போல வாஷிங்டனுக்குச் செல்ல நம்மால் இயலாது. ஆனால் நம் சங்கத்தில் ஏவுகணை செய்தவர்களும் உண்டு, எரிபொருள் ஆலையில் உழைத்தவர்களும் உண்டு, அவர்தம் மக்களும் உண்டு. கருவியின் இயல்பை அறிந்தவர் சொல்லுக்கு மற்றவர் சொல்லினும் எடை மிகுதி. இக்கருவிகள் ஏன் பயன்படாமலே இருக்கவேண்டும் என்பதை நம் இளைஞர்க்கு அவர்கள் தமிழில் எடுத்துரைப்பார்களாயின், இராஜாஜி தொடங்கிய தூது இந்நகரில் இன்னும் முடியவில்லை என்று நாம் கொள்ளலாம்.